ஈட்டோடு உன்னதப்பாட்டும் படிப்போம்

‘எம்மதமும் ஒன்றே’ என்று மேடையில் பேசிவிட்டுப் பொன்னாடை போர்த்திக்கொள்வது சுலபம். அடுத்தவர் நூலை அவர்கள் உரையோடு உட்கார்ந்து படிப்பதுதான் கடினம். திருச்சிக்கு இனி வேண்டியது இரண்டாவது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன், தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எங்கள் ஊரில் நம்பிள்ளை என்ற வைணவ ஆசாரியர் சொன்ன விரிவுரைதான், வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதை விவிலியத்தின் உன்னதப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்து, 2013இல் ஒரு நூலே எழுதினார் ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் குளூனி. இயேசு சபைத் துறவி அவர்.

திருவாய்மொழி, உன்னதப்பாட்டு இரண்டிலும் காதலனைக் காணாமல் ஒருத்தி தவிக்கிறாள். நம்மாழ்வார் பெண்குரலில் பாடும்போது மூன்று நிலைகளைக் கண்டார்கள் எங்கள் ஆசாரியர்கள்: இறைவனோடு உள்ள உறவை உணர்ந்தவள் தோழி, அவனே வழி என்று துணிந்தவள் தாய், அவனை அடையப் பதறுபவள் மகள். மறுபக்கம், பிரான்சில் பெர்னார்து என்ற துறவி 1135இல் உன்னதப்பாட்டுக்கு உரை சொல்லத் தொடங்கினார். 1153இல் இறக்கும்வரை 86 உரைகள். எட்டு அதிகாரங்களில் மூன்றாவதன் வாசலைத்தான் எட்டினார். அவருக்கு மணமகள் ஆன்மா, திருச்சபையும்கூட.

ஒற்றுமையோடு நின்றுவிட்டால் அது ஆய்வாகாது. நம்பிள்ளை, தமக்கு முந்தைய ஆசாரியர்களான நஞ்சீயர் சொன்னதையும் பட்டர் சொன்னதையும் எடுத்துவைப்பார். இராமாயணத்தைச் சாட்சிக்கு அழைப்பார். பெர்னார்தோ, கேட்கும் துறவிகளை அவரவர் அனுபவத்தையே ஏடாகப் புரட்டச் சொல்வார். வேதவாக்கின் பொருளுக்கு எது பிரமாணம், குருபரம்பரையா, சொந்த அனுபவமா? இந்தக் கேள்வி, இரண்டு உரைகளையும் சேர்த்துப் படித்தால்தான் இவ்வளவு கூர்மையாக எழும். மதம் கலந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். குளூனி கத்தோலிக்கக் குருவாகவே இருந்துதான் படிக்கிறார்.

திருச்சியில் காவிரிக்குத் தெற்கே கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றும் குருமடம் இருக்கிறது. 1883 முதல் புனித வளனார் கல்லூரி இருக்கிறது. வடக்கே ஸ்ரீரங்கத்தில் ஈட்டுக்கு விளக்கம் சொல்லும் காலட்சேபம் நடக்கிறது. நடுவே ஒரு பாலம், டவுன் பஸ். மாதத்துக்கு ஒரு மாலை, ஒரு பாசுரம், உன்னதப்பாட்டில் ஒரு வசனம், இரண்டுக்கும் உரை. இவ்வளவு போதும்.

இதில் எங்களுக்குச் சுயநலமும் உண்டு. தமிழும் வடமொழியும் கலந்த ஈட்டின் மணிப்பிரவாளத்தைத் தடுமாறாமல் வாசிப்பவர்கள் எங்கள் வீதியிலேயே அருகிவிட்டார்கள். குருமட மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, “இதற்கு ஏன் இந்தப் பொருள்?” என்று கேட்டால், தலையாட்டியே பழகிய நாங்களும் ஏட்டைத் திரும்பப் பிரித்தாக வேண்டும்.