பிஹெச்பி கோடை குழப்பிக் கொடுத்தால் பாதுகாப்பா?

இணையதளம் செய்து கொடுக்கும் டெவலப்பர்கள் பலருக்கும் ஒரு பயம் உண்டு. ‘சோர்ஸ் கோடை அப்படியே கொடுத்துட்டா காப்பி அடிச்சிடுவாங்களே!’ அதனால் சிலர், கோடில் உள்ள பெயர்களையெல்லாம் புரியாத எழுத்துகளாக மாற்றி, பேஸ்64-ல் சுற்றிக் கொடுக்கிறார்கள். இதனால் பலன் உண்டா?

பிஹெச்பி, சர்வரிலேயே இயங்கும் மொழி. தளத்தைப் பார்ப்பவரின் பிரவுசருக்குப் போவது அதன் விடை மட்டும்தான், கோடு போகாது. ஆக, இந்த மறைப்பு பெரும்பாலும் ஹேக்கரைத் தடுப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவரைத்தான் தடுக்கிறது.

பேஸ்64 பூட்டே இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரே வரியில் பிரித்துவிடலாம். அயன்கியூப் போன்ற என்கோடர்கள் வலுவானவை. ஆனால், அதற்கான லோடர் சர்வரில் இருந்தாக வேண்டும். ஸெண்ட் கார்டு என்ற என்கோடர் பிஹெச்பி 5.6-உடன் நின்றுபோனது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்பு அப்டேட்களும் 2018 இறுதியில் முடிந்தன. எழுதியவர் போனை எடுக்கவில்லை என்றால், வாங்கியவர் கதி? பழைய பதிப்பிலேயே ஓட்டணும், இல்லைன்னா முதலிலிருந்து எழுதணும்.

மால்வேரும் இதே வேஷத்தில்தான் ஒளிகிறது. வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரப்பூர்வ பிளகின் பட்டியலில் குழப்பிய கோடுக்கு அனுமதி இல்லை.

உழைப்பு திருடு போகுமோ என்ற பயம் நியாயமானதே. அதற்குத் தீர்வு முன்பணம், எழுத்துபூர்வமான ஒப்பந்தம், தெளிவான லைசென்ஸ். வாங்குபவரும் விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டும்: ‘ஒரிஜினல் கோடு தருவீங்களா?’