பம்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி

"ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பம்ப் என்ன வேலை செய்யும்?" தெர்மல் லேப் வைவாவில் என்கிட்ட கேட்ட கேள்வி இது. சரியான அளவு டீசலை, சரியான நேரத்துல, அதிக பிரஷர்ல இன்ஜெக்டருக்கு அனுப்பும்னு சொன்னேன். முழு மார்க். அந்த நேரம் எங்க வீட்டு பிக்கப்ல அதே பம்ப் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியல.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். பழைய டீசல் பிக்கப், ரோட்டரி பம்ப் வச்சது. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனப்ப வண்டி ஒரு புது வியாதியோட இருந்துச்சு. காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். மார்க்கெட்ல லோடு இறக்கி, சூடா இருக்கிற என்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது. "பேட்டரி வீக்பா"ன்னு சொன்னேன். ஃபைனல் இயர் மெக்கானிக்கல் பையன் சொன்னா சரியா இருக்கும்னு அப்பா புது பேட்டரி வாங்கிட்டார். வியாதி அப்படியேதான் இருந்தது.

அப்புறம்தான் மெக்கானிக் அண்ணன் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் காலி. "செல்ஃப் நல்லாத்தானே சுத்துது தம்பி, பேட்டரி மேல ஏன் பழி போட்டீங்க?" ஒரு பழைய சாக்கை நனைச்சு, சூடா இருந்த பம்ப் மேல போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு.

காரணம் நம்ம சிலபஸ்லயே இருக்கு. பம்ப் உள்ள பிளஞ்சருக்கும் அது ஓடுற ஹெட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். அது தேஞ்சு போனா டீசல் அந்த வழியா கசியும். டீசல் சூடானா விஸ்காசிட்டி குறையும், கசிவு கூடும், ஸ்டார்ட்டிங் வேகத்துல இன்ஜெக்டரைத் திறக்கிற அளவுக்கு பிரஷர் வராது. பம்ப் குளிர்ந்தா டீசல் கொஞ்சம் கெட்டியாகும், வண்டி பிடிக்கும். ரெட்வுட் விஸ்காமீட்டர் வச்சு இதே விஷயத்துக்கு நான் கிராஃப் போட்டிருக்கேன். ரெக்கார்டு நோட்ல சைன் கூட வாங்கியிருக்கேன். அந்த கிராஃப் அப்பாவோட வண்டியைப் பத்தியதுன்னு எனக்குத் தோணவே இல்ல.

பம்ப்தான்னு கிட்டத்தட்ட தெரிஞ்ச பிறகும் அவர் ஸ்பேனரை எடுக்கல. ஃபில்டரை மாத்தினார். பம்புக்கு டீசல் வர்ற ஹோஸுக்குப் பதிலா கண்ணாடி மாதிரி ஹோஸ் மாட்டி, ஏர் குமிழ் வருதான்னு பார்த்தார். ஸ்டாப் சொலினாய்டுக்கு கரண்ட் வருதான்னு பார்த்தார். நாசில்களைக் கழட்டி டெஸ்ட் பண்ணினார். எல்லாம் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் டைமிங் மார்க் போட்டு, பைப் வாய் எல்லாத்தையும் மூடி, பம்பை இறக்கினார்.

திண்டுக்கல்ல ஒரு டீசல் பம்ப் கடை. டெஸ்ட் பெஞ்ச்ல மாட்டி மெதுவான வேகத்துல சுத்தவிட்டாங்க. அளவு கண்ணாடிக் குழாய்கள்ல டீசல் ஏறவே யோசிச்சுது. பிரிச்சுப் பார்த்தா உள்ள துரு, பிளஞ்சர்ல கோடு கோடா கீறல். கடைக்காரர் நிமிர்ந்து, "ஃபில்டர்ல தண்ணி இறக்குறது யாரு?"ன்னு கேட்டார்.

அது என் வேலை. போன லீவுல அப்பா என்கிட்ட ஒப்படைச்சது அந்த ஒண்ணுதான். ஃபில்டர் அடியில இருக்கிற திருகை லூஸ் பண்ணி, தேங்கின தண்ணியை வெளியே விடணும். நான் ஒரு தடவைகூட செய்யல. இந்த மாதிரி பம்புக்கு டீசல்தான் லூப்ரிகன்ட். டீசலோட தண்ணி வந்தா தேயும், துருப்பிடிக்கும். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்ல. பம்பை ரீகண்டிஷன் பண்ணின செலவு என் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி.

பம்ப் ரெடியானதும் அப்பாவுக்கு அவசரம், லோடு காத்துக்கிட்டிருக்கு. மெக்கானிக் அண்ணன் விடல. "டேங்கைக் கழுவாம புது பம்ப் போட்டாலும் இதே கதைதாண்ணே." ஒரு நாள் வாடகை போச்சு. டேங்க் அடியில இருந்து தண்ணியும் சேறும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பம்பை ஏத்தி, டயல் கேஜ் வச்சு டைமிங் செட் பண்ணி, நாசில் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுத்தார். டீசல் பீய்ச்சின இடத்துக்கிட்ட நான் கையைக் கொண்டு போனதும் ஒரு அதட்டல். அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், கையையே எடுக்க வேண்டி வரலாம். இதையும் எந்த லேப்லயும் எனக்குச் சொன்னதில்ல.

"காலேஜ் வேஸ்ட், மெக்கானிக்தான் இன்ஜினியர்"னு சிலர் ஸ்டேட்டஸ் போடுவாங்க. நான் அதை ஏத்துக்கல. ஈரச் சாக்கு ஏன் வேலை செஞ்சுதுன்னு எனக்கு உடனே புரிஞ்சதுக்குக் காரணம் காலேஜ்தான். ஆனா நம்ம லேப்ல எல்லா என்ஜினும் நல்லா ஓடுற என்ஜின். சிவப்பு, மஞ்சள் பெயின்ட் அடிச்ச கட் செக்‌ஷன் மாடல். லோடு போடு, ரீடிங் எடு, கிராஃப் வரை. கெட்டுப்போன ஒண்ணை முன்னாடி வச்சு "இது ஏன் கெட்டுச்சு?"ன்னு நாலு வருஷத்துல யாரும் கேட்கல. அதனாலதான் எனக்குத் தெரிஞ்ச முதல் பதில் "மாத்திடு"ன்னு வந்துச்சு.

இப்ப எல்லாம் சிஆர்டிஐ, ஸ்கேனர் போட்டா கோடு வந்துடும்னு ஃப்ரெண்ட் சொன்னான். வரும். "ரெயில் பிரஷர் கம்மி"ன்னு வரும். ஃபில்டர் அடைப்பா, ஏரா, பம்பா, இன்ஜெக்டர் கசிவான்னு கண்டுபிடிக்கிறது அப்பவும் மனுஷன் வேலைதான். அங்க பிரஷர் 1,000 பாருக்கு மேல, தண்ணி போனா செலவும் பல மடங்கு. நாளைக்கு எலக்ட்ரிக் வண்டி வந்தாலும் கெட்டதுக்குக் காரணம் தேடத்தான் வேணும்.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு சின்ன கோரிக்கை. பம்ப் கடைகள்ல கழிச்சுப் போட்ட பம்ப், நாசில், அடைச்ச ஃபில்டர் எல்லாம் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். அதுல பத்து வாங்கி லேப்ல வைங்க. ஒரு பேட்ச்சுக்கு ஒண்ணு கொடுத்து, கெட்டதுக்குக் காரணத்தை எழுதச் சொல்லுங்க. மார்க்கை அதுக்குக் கொடுங்க.

லீவுக்குப் போனா நான் இப்ப முதல்ல ஃபில்டர் திருகைத்தான் லூஸ் பண்றேன். போன தடவை கால் டம்ளர் தண்ணி வந்துச்சு.