பாக்கி வேலைக்கு யார் பணம்?

சென்னையில் முப்பது, நாற்பது வயதான ஃப்ளாட்டுகளை வாங்கி, உடைத்துப் பூசிப் புதுசாக்கி மறுபடி விற்பது நல்ல வியாபாரம். அதில் தப்பில்லை. பழைய வீடு ஒன்று பிழைத்துப் போகிறது. என் சண்டை வேறு. வேலை பாதியில் இருக்கும்போதே, முடிந்த வீட்டுக்கான முழு விலையையும் வாங்கிக்கொள்கிறார்களே, அதோடுதான்.

நண்பர் ஒருவருக்காக மேற்கு மாம்பலத்தில் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். எண்பதுகளில் கட்டியது, இரண்டாவது மாடி. ஹாலில் நுழைந்தால் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்து எரியும் விளக்குகள், முகம் பார்க்கலாம் போலத் தரை. நண்பரின் மனைவி அங்கேயே சோபாவுக்கு இடம் பார்த்துவிட்டார். பாத்ரூமில் டைல்ஸ் ஒரு சுவரோடு நின்றிருந்தது. தரை வெறும் கான்கிரீட். சமையலறையில் குழாய் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.

“சின்னச் சின்ன வேலைதான் சார். ரெண்டே வாரம். நீங்க ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, பால் காய்ச்சற அன்னிக்கு எல்லாம் ரெடியா இருக்கும்” என்றார் விற்பவர்.

ஹால் ஏன் முதலில் முடிந்தது, பாத்ரூம் ஏன் பாக்கி? யோசித்துப் பாருங்கள். எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் வரிசை சொல்வார். முதலில் உடைப்பு. அப்புறம் குழாய், வயரிங், தண்ணீர் கசியாமலிருக்கப் பூச்சு, டைல்ஸ். கடைசியில்தான் பெயின்ட். இங்கே எல்லாம் தலைகீழ். ஏனென்றால் வீட்டை விற்பது பெயின்ட். குழாயைப் பார்த்து எவரும் மயங்குவதில்லை. ஆகவே விற்பவரின் பணம் பெயின்ட்டுக்கு, உங்கள் பணம் குழாய்க்கு. வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள், அதுவும் நோட்டு எழுதி வாங்காமல்!

அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்தான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே துரு அடைத்திருக்கும். அதை மாற்றினார்களா, மேலே டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்களா? வயரிங் போட்ட நாளில் வீட்டுக்கு ஒரு ஏ.சி. கூடக் கிடையாது. இன்றைக்கு மூன்று. கூரைக் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உப்பியிருந்தால், அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங்கைவிடச் சௌகரியமான பொருள் உண்டா? எல்லா ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் குற்றம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லவில்லை. ஏறிப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.

‘ரெரா’ சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016-ல் வந்தது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் சரிசெய்து தரவேண்டும் என்றெல்லாம் பில்டர்களைக் கட்டிப்போடுகிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் பதிவே தேவையில்லை. ஒரே ஒரு ஃப்ளாட்டைப் புதுப்பித்து விற்பவர் அந்த வலையின் கண் வழியே சுலபமாக நழுவிவிடுவார்.

மிஞ்சுவது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். விற்பவர் தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. நல்ல பிரிவுதான். “எனக்கே தெரியாதே சார்” என்று அவர் கையை விரித்தால், தெரியும் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை இருக்கும், சதுர அடி இருக்கும். பாத்ரூம் டைல்ஸ் பாக்கி என்று ஒரு வரி இருக்காது.

பதிவு முடிந்தால் தவணை ஓடத் தொடங்கிவிடும். குடிபோக முடியாததால் வாடகையும் ஓடும். மேஸ்திரியோ அதே விற்பவரின் அடுத்த ஃப்ளாட்டில், ஹாலுக்கு பட்டி பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் பேரிலும் தப்பு இருக்கிறது. வாசல் எந்தத் திசை என்று காம்பஸ் வைத்துப் பார்க்கிறோம், கழிவுநீர் எந்தத் திசையில் போகிறது என்று கேட்பதில்லை. உண்மையில் பாதி முடிந்த வீடுதான் வாங்கத் தோதானது. சுவர் திறந்திருக்கிறது. குழாயையும் வயரையும் கண்ணால் பார்க்கலாம், செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். டைல்ஸ் போடுமுன் பாத்ரூம் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்வீட்டில் கூரை ஈரமாகிறதா என்று பார்க்கலாம். பாக்கி வேலைகளை ஒவ்வொன்றாக விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கான தொகையைப் பிடித்துவைத்து, முடித்த பிறகு தரலாம். தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் பூட்டுகிற பழக்கம்தான் நம்மை விடவில்லை.

நண்பர் இரண்டே இரண்டு கேட்டார். பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும், மூன்று லட்சம் வேலை முடிந்த பிறகு. விற்பவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “நம்பிக்கை இல்லேன்னா எப்படி சார்?” என்றார்.

பத்து நாள் கழித்து புரோக்கர் போன் செய்தார். வேறு பார்ட்டி முழுப் பணமும் கொடுத்து ரிஜிஸ்டர் செய்துவிட்டதாம்.

“பாத்ரூம் முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“ரெண்டே வாரம்னு சொல்லியிருக்கார் சார்.”