போயிங் தானா முளைச்ச மரமா?

"அமெரிக்க விமானத் தொழில் ஏன் ஜெயித்தது? அரசாங்கம் ஒதுங்கி நின்றது, தனியார் ஜெயித்தார்கள்." இப்படிச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் எதிர்கால இன்ஜினியர்கள். அதனால்தான் இந்தப் பதிவு. வரிசையாகப் பார்ப்போமா?

1903ல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அப்புறம்? வருடக்கணக்கில் காப்புரிமை வழக்கு. ரைட் ஒரு பக்கம், கர்டிஸ் ஒரு பக்கம். 1917ல் போர் வந்ததும் அரசாங்கம் அழுத்தம் கொடுத்த பிறகுதான் கம்பெனிகள் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொண்டன.

1925ல் விமானத் தபால் ஒப்பந்தங்களைத் தனியாருக்குத் தரச் சட்டம் வந்தது. டிக்கெட் வாங்க ஆளில்லாத காலத்தில் சோறு போட்டது அந்தப் பணம்தான். இறக்கை வடிவங்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது யார்? 1915ல் அரசு தொடங்கிய நாக்கா, அதாவது நாசாவின் முன்னோடி. இரண்டாம் உலகப் போரில் சுமார் 3 லட்சம் விமானங்கள் தயாராயின. பல தொழிற்சாலைகளைக் கட்டியதே அரசுப் பணம்.

"707?" என்பீர்கள். 1954ல் பறந்த அதன் முன்மாதிரிக்கு போயிங் சுமார் 1.6 கோடி டாலர் சொந்தக் காசு போட்டது உண்மை. அந்தத் தைரியத்துக்கு ஒரு சலாம். ஆனால் அதே முன்மாதிரியிலிருந்து பிறந்த கேசி-135 எரிபொருள் விமானங்களை விமானப்படை 700க்கு மேல் வாங்கியது. 1971ல் லாக்ஹீட் திவாலாகும் நிலை. 25 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம். செனட்டில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தப்பியது!

இதெல்லாம் பழங்கதை இல்லை. "தனியாரே பார்த்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கைக்கு விலை உண்டு. 737 மேக்ஸுக்குச் சான்றிதழ் தரும் வேலையில் பெரும்பகுதியை எஃப்.ஏ.ஏ. போயிங் ஊழியர்களிடமே விட்டது. பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற கதை. எம்காஸ் என்ற மென்பொருள் ஒரே ஒரு சென்சார் சொன்னதை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியது. 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன். மொத்தம் 346 உயிர்கள்.

ஊர்ப் பணத்தில் வளர்ந்த கம்பெனியைக் கேள்வி கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. காசு வாங்க மட்டும் அரசாங்கம் வேண்டும், கணக்குக் கேட்க வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் சுதந்திரச் சந்தை இல்லை மக்களே, ஏமாற்று.

மறுக்கிறீர்களா? தாராளமாக. ஆண்டும் தொகையும் சேர்த்து மறுங்கள்.