உலக அரங்கில்: படிப்படியாய் ஏறிய பந்தய வீரர்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் பார்முலா ஒன் ஒன்றே நம் நினைவிற்கு வருகிறது. அதில் கார் ஓட்டும் வாய்ப்பு உலகம் முழுவதிலும் ஏறத்தாழ இருபது பேருக்கே கிட்டுகிறது. அவ்விடத்தை அடைய விரும்பும் இளைஞர் ஏறவேண்டிய படிகளோ பல. அப்படிகளில் நேர்மையாக ஏறி, இறுதிப் படியில் நின்றபோது உயிர் துறந்த பிரெஞ்சு இளைஞர் அந்துவான் யூபேரின் வரலாற்றை இத்திங்கள் நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

யூபேர் 1996 செப்டம்பர் 22 அன்று பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். சிறு வயதில் கார்ட் எனப்படும் சிறு வண்டிகளை ஓட்டிப் பழகினார். பின்னர் இவரும் பியேர் காஸ்லி என்பவரும் லெ மான் நகரில் பந்தயப் பயிற்சி பெறும் மாணவர்களாய் ஒன்றாகத் தங்கிப் படித்தனர். பிள்ளைகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்தை எதிர்நோக்கியிருந்த பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. அவ்விளமைத் தோழமை எத்தகையது என்பதை அவர்கட்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

2013ஆம் ஆண்டு பிரெஞ்சு பார்முலா 4 போட்டியில் யூபேர் வாகை சூடினார். ஆயின் அதன்பின் ஏற்றம் எளிதாயிருக்கவில்லை. 2014, 2015 ஆகிய இரண்டாண்டுகளை பார்முலா ரெனோ போட்டியில் கழித்தார். இரண்டாம் ஆண்டில் ஐந்தாம் இடமே கிடைத்தது. 2016இல் ஐரோப்பிய பார்முலா 3 போட்டியில் எட்டாம் இடம். வெற்றி, ஜெர்மனியின் நோரிஸ்ரிங் ஓடுதளத்தில் கிடைத்த ஒன்றே. 2017இல் ஜி.பி.3 போட்டியில் நான்காம் இடம். அவ்வாண்டு அவருடைய குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ரஸ்ஸல் முதலிடம் பெற்று மேற்படிக்குச் சென்றார். யூபேர் அதே படியில் இன்னும் ஓராண்டு நின்றார்.

நின்றவர் வீணே நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டின் ஜி.பி.3 பட்டம் அவருடையதாயிற்று. அவர் வென்ற பந்தயங்கள் இரண்டே. இரண்டாம் இடம் பெற்ற நிக்கிட்டா மசேப்பினோ நான்கு பந்தயங்களை வென்றவர். பின் எவ்வாறு பட்டம் யூபேருக்குக் கிட்டியது? ஒவ்வொரு பந்தயத்திலும் முன்னணியினர்க்குப் புள்ளிகள் உண்டு; ஆண்டிறுதியில் அவற்றின் கூட்டுத்தொகையே பட்டத்தை முடிவு செய்கிறது. வெல்ல இயலாத நாளிலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்து, கையிலுள்ளதை இழவாது சேர்த்தவர் யூபேர். சிறுகச் சிறுகச் சேமித்துக் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இக்கணக்கு நன்கு விளங்கும்.

2019இல் பார்முலா 2 போட்டியில், அந்நாளில் முன்னணியில் இல்லாத ஆர்டன் குழுவில் சேர்ந்தார். அவ்வாண்டு இப்போட்டியில் முதற் பந்தயத்தில் எட்டாவதாய் வருபவர் மறு பந்தயத்தில் முதலாவதாய் நின்று புறப்படும் முறை இருந்தது. மே மாதம் மொனாக்கோவில் இவ்வாறு கிடைத்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு, பின்னால் வந்த லூயி தெலெத்ராசை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் வென்றார். ஜூன் மாதம் தாய்நாட்டின் போல் ரிக்கார் தளத்திலும் வெற்றி கண்டார்.

ஆகஸ்டு 31 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில், பந்தயத்தின் இரண்டாம் சுற்றில், முன்னே ஒரு கார் நிலைதடுமாறியது. அதனால் விளைந்த குழப்பத்தில் யூபேரின் கார் தடுப்பில் மோதித் தளத்திற்கே திரும்பியது. பின்னால் வந்த ஹுவான் மனுவேல் கொரேயாவின் கார் அதன்மேல் பெருவேகத்தில் மோதியது. யூபேர் உயிர் நீத்தார், வயது இருபத்திரண்டு. எவர் ஒருவரையும் எச்செயல் ஒன்றையும் காரணமாய்க் கூற இயலாது என்று பின்னர் நடந்த விசாரணை முடிவு கூறியது.

மறுநாள் அதே தளத்தில் பார்முலா ஒன் பந்தயத்தில் தம் முதல் வெற்றியைப் பெற்ற சார்ல் லெக்லேர், அதனை இளமை நண்பர் யூபேருக்கே காணிக்கையாக்கினார். கால்கள் சிதைந்த கொரேயா, பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2021இல் மீண்டும் பந்தயத்திற்கு வந்தார். பார்முலா 2 போட்டியில் யூபேரின் 19ஆம் எண் வேறெவர்க்கும் வழங்கப்படாமல் நிறுத்தப்பட்டது. முதலாண்டு வீரர்களுள் சிறந்தவர்க்கு அவர் பெயரால் விருதும் ஏற்பட்டது.

இத்தகைய ஆபத்துள்ள விளையாட்டு வேண்டுமா என்று நேயர்கள் வினவலாம். வேண்டுமென்று எவரையும் தூண்டுவது நம் நோக்கமன்று. பெற்ற வயிற்றின் துயரை எந்த விருதும் ஆற்றாது. ஆயினும் ஐந்தாம் இடமும் எட்டாம் இடமும் பெற்ற ஆண்டுகளில் அவ்விளைஞர் மனம் தளர்ந்து விலகியிருப்பின், 2018ஆம் ஆண்டின் பட்டம் அவருக்கு இல்லை. மதிப்பெண் குறைந்த பிள்ளையை அந்த ஓராண்டைக் கொண்டே அளந்துவிடும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.