ஜில்லா எல்லையும் பிழைப்பின் எல்லையும்

தொழில் வளர்ச்சிக்கென்று சர்க்கார் ஒதுக்கும் பணமும், பின்தங்கிய பகுதிகளுக்கு அளிக்கும் சலுகைகளும் பெரும்பாலும் ஜில்லா, தாலுகா என்ற கணக்கிலேயே பங்கிடப்படுகின்றன. வரி வசூலுக்கும் நிர்வாகத்துக்கும் இப்பிரிவுகள் ஏற்றவையே. ஆனால் வேலைக்குச் செல்வோர் எல்லைக் கல்லைப் பார்த்துக் கால் வைப்பதில்லை.

2009-ஆம் ஆண்டில் கோயமுத்தூர், ஈரோடு ஜில்லாக்களின் பகுதிகளைப் பிரித்துத் திருப்பூர் ஜில்லா அமைக்கப்பட்டது. அதனால் எந்தத் தொழிலாளியும் வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. சோமனூர் ஒரு ஜில்லாவிலும் பல்லடம் மற்றொரு ஜில்லாவிலும் உள்ளன. விசைத்தறிக் கூலியைப் பற்றிய பேச்சோ இரண்டுக்கும் சேர்த்தே நடந்து வருகிறது. பிழைப்பின் எல்லை வேறு, நிர்வாகத்தின் எல்லை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பிழைப்பின் எல்லையை அளப்பதற்குப் பிற நாடுகளில் ஒரு முறை உண்டு. பிரிட்டனில் ஜனத்தொகைக் கணக்கின்போது குடியிருக்கும் இடத்தோடு வேலை செய்யும் இடத்தையும் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு வட்டாரத்தில் குடியிருந்து உழைப்போரில் பொதுவாக நூற்றுக்கு 75 பேராவது அதனுள்ளேயே வேலை செய்யவேண்டும். அங்கு வேலை செய்வோரிலும் நூற்றுக்கு 75 பேராவது அங்கேயே குடியிருக்கவேண்டும். உழைப்போர் தொகை 3,500-க்குக் குறையலாகாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு இவ்வாறு 228 வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையிலுள்ள எல்லையைத் தாண்டி நிற்பனவும் அவற்றுள் உண்டு. இத்தாலியில் 1981-இல் 955 ஆக இருந்த வேலை வட்டாரங்கள் 2011-இல் 611 ஆகக் குறைந்தன. மக்கள் முன்னிலும் தொலைவு சென்று உழைக்கத் தொடங்கியதால் சிறு வட்டாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. கம்பளித் துணிக்குப் பேர்போன பிராட்டோ போன்ற தொழில் வட்டாரங்களை இனங்காண்பதற்கும் அந்நாட்டார் இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டனர்.

இம்முறை நமக்கும் வேண்டியதே. ஆயினும் இதை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருப்பதை அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். கைத்தறி நெசவாளர் வேலைக்குப் பயணம் போவதில்லை. பாவும் ஊடையும் பயணம் செய்து அவர் வீட்டுக்கு வருகின்றன. நெய்த துணி திரும்பிப் போகிறது. ஆள் நடமாட்டத்தை மட்டும் எண்ணுகிற கணக்கில் அவர் யாரோடும் தொடர்பற்றவராகவே தோன்றுவார்.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கில், வேலைக்குச் செல்லும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டார்கள். சேரும் ஊர் எது என்று கேட்கவில்லை. அக்கேள்வியும் பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோரை விட்டு ஏனையோருக்கே உரியதாயிருந்தது. இப்பத்திரிகையைப் படிப்போரில் பெரும்பாலோர் இந்த மூன்று வகுப்பினுள் அடங்குவர். நம்மைக் கேளாமல் எழுதிய கணக்கைக் கொண்டு நமது வட்டாரத்தை வரைவது எங்ஙனம் பொருந்தும்? எல்லை பிழைபட்டால் சாயச்சாலை ஓரிடத்திலும் தறிகள் வேறிடத்திலுமாக நிற்கும். பயிற்சி நிலையம் பஸ் செல்லாத ஊரில் எழும். அறுவடைக் காலத்தில் எங்கிருந்து ஆள் வருகிறதென்பதே தெரியாமல் கூலி விகிதம் வகுக்கப்படும்.

ஜில்லா என்ற அமைப்பு இல்லாவிட்டால் பணத்துக்குப் பொறுப்பாளி யார் என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. செலவிடும் பொறுப்பு ஜில்லா அதிகாரியிடமே இருக்கட்டும். எங்கே செலவிடுவது என்பதை வேலை வட்டாரம் தீர்மானிக்கட்டும். வட்டாரம் இரு ஜில்லாவில் படிந்திருந்தால் இருவரும் கூடித் திட்டமிடட்டும் என்பதே நமது கோரிக்கை.

இதற்கு வேண்டிய விவரத்தில் ஒரு பகுதி நமது கையிலேயே இருக்கிறது. நூல் எந்தெந்த ஊருக்குப் போயிற்று, கூலி எந்தெந்த ஊருக்குப் பட்டுவாடா ஆயிற்று என்பதைச் சங்கத்தின் புத்தகங்கள் சொல்லும். நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை விவசாய அங்கத்தினர்கள் அறிவர். அண்டைச் சங்கங்கள் நான்கைந்து கூடி, ஊர்ப் பெயர்களை மட்டும் ஓராண்டுக்குத் தொகுத்து ஒரு படத்தில் குறித்தால், நமது பிழைப்பின் எல்லை நம் கண்முன் தெரியும். அந்தப் படத்தோடு சென்று கேட்கும் சங்கத்தை, ஜில்லாக் கணக்கைக் காட்டி எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.