இரண்டு மணி நேரக் குயவர்கள்

டிசைன் நிறுவனங்களில் இப்போது ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. குழுவின் கற்பனை வறண்டுவிட்டதாகத் தோன்றினால், கணினியை மூடிவிட்டு மண்பாண்டப் பயிலரங்குக்கோ தறிக்கூடத்துக்கோ அழைத்துப் போகிறார்கள். டிசைனராகப் பிழைக்கிற நான் இதைக் கேலி செய்யப் போவதில்லை. பலன் இருக்கிறது. திரையில் பிசகினால் ஒரு பொத்தானை அழுத்திப் பின்வாங்கலாம். சக்கரத்தில் முடியாது. விரல் கொஞ்சம் அழுந்தினால் பானையின் சுவர் சரியும். ஈரம் கூடினால் மண் நிற்காது. பொருள் நம்மோடு மல்லுக்கட்டும்போது, யோசித்தே பார்க்காத வடிவம் ஒன்று கைக்கு வரும்.

என் கேள்வி வேறு. அந்த மண் யாருக்குக் கற்பனை, யாருக்குக் குலத்தொழில்?

எங்கள் குழுவும் போனது. கற்றுக்கொடுத்த பெரியவர் மண்ணைக் கிள்ளிப் பார்த்தே, சூளையில் விரிசல் விடுமா என்று சொன்னார். டிசைன் கல்லூரியில் இதைப் பாடமாகவே வைக்கலாம். அவருக்குக் கிடைத்தது அரைநாள் கூலி. ஏற்பாடு செய்த ஆலோசகருக்கு ‘படைப்பாற்றல் பயிற்சியாளர்’ என்ற பட்டம், அதற்கேற்ற கட்டணம். பெரியவரின் வயதில் பாதிகூட இல்லாத எங்கள் மேலாளர் அவரை ‘வாப்பா, போப்பா’ என்றே பேசினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பயிலரங்குகள் மண், நூல், இயற்கைச் சாயம் என்றே சுற்றிவரும். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சுரண்டும் இடத்துக்கு எந்தக் குழுவும் போய் நான் பார்த்ததில்லை. கைவேலை மனதுக்கு நல்லதென்றால், அந்தக் கை ஏன் தோல்வரை நீளவில்லை? நாற்றம் என்பீர்கள். நாங்கள் அதைத் தீட்டு என்று படிக்கிறோம்.

தோல் செருப்பாகி மேடையேறிவிட்டால் மட்டும் அது எல்லோருக்கும் சொந்தம். 2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலானில் காட்டிய செருப்பு அப்படியே கோலாப்பூரி. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற அந்தச் செருப்பைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் மகாராஷ்டிர, கர்நாடகத் தலித் தோல் தொழிலாளர்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மூலத்தை ஒப்புக்கொண்டது பிராடா. இங்கே ‘இந்தியப் பாரம்பரியம் திருட்டு’ என்று கொதித்தவர்களில் எத்தனை பேர் செய்தவர்களின் சாதியைச் சொன்னார்கள்?

கைத்தொழிலின் பெருமை நமக்கு முன்பே போதிக்கப்பட்டதுதான். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953-ல் ராஜாஜி திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் இயக்கம் போராடியது. காமராசர் முதல்வரான 1954-ல் அது கைவிடப்பட்டது. 2023-ல் ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டு வந்தது. குயவர், செருப்புத் தைப்பவர், சலவைத் தொழிலாளி, முடிதிருத்துபவர் எல்லாம் அதில் உண்டு. அவர்களுக்குக் கைத்தொழில் விருப்பப் பாடம், நம் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பாடம்.

டிசைன் துறையில் இருக்கும் தோழர்களே, அடுத்த பயிலரங்கு அறிவிப்பு வரும்போது, ஆலோசகருக்குத் தரும் கட்டணத்தை வனைபவருக்கே தரச் சொல்லுங்கள். அவர் காட்டிய நுட்பம் உங்கள் பொருளில் வந்தால், வடிவமைத்தவர் பட்டியலில் அவர் பெயரும் வரவேண்டும், வருமானத்தில் பங்கும் போகவேண்டும். குழுவில் தலித்துகள் எத்தனை பேர், கைத்தொழில் சாதிகளிலிருந்து எத்தனை பேர் என்று கேளுங்கள். செலவில் ஒரு பகுதியை அந்த ஊர்ப் பிள்ளைகளின் டிசைன் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், என்ன காரணமென்று எல்லோரும் இருக்கும் கூட்டத்திலேயே கேளுங்கள்.